பனையடி வட்டை வாக்கெடுப்பும் என் மகனின் சாவும்

சூட்டி, பொலிசில உன்ட முழுப் பேரைக் கேக்கிறாங்க மனே.

இறந்தவரின் பெயர் இளையதம்பி விதுஷன், வீட்டில் கூப்பிடுவது சூட்டி, வயது இருபத்தாறு. வந்தாறுமூலைக் கம்பஸில் படித்தவன். நான் தாய். பெயர் இளையதம்பி இரத்தினம்மா, வயது ஐம்பத்தெட்டு, இருப்பது வவுணதீவுப் பக்கம் பனையடியில். புருசன் உயிரோடு இல்லை. குத்தகைக் காணியில் வேளாண்மை செய்கிறேன்.

எங்கள் பனையடி வட்டையில், அந்த வயல்வெளி முழுவதுக்கும் தண்ணீர் பங்கிடுகிறவர் வட்டை விதானை. வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற துருசின் பூட்டுத் திறப்பு அவரிடம்தான் இருக்கும். போகத்துக்குப் போகம் கமக்காரர் கூட்டத்தில் அவரைத் தெரிவு செய்வது. தெரிவு என்றால் பெரிய காணிக்காரரான வேலப்போடியார் எழும்பி நிற்பார், காணிக்காரர் கையைத் தூக்குவார்கள். தூக்காதவனின் வயலுக்குத் தண்ணீர் பிந்தும். குத்தகைக்காரர் நாங்கள் பின்னால் இருந்து பார்ப்போம்.

இந்த வருசம் என் மகன், வயல் செய்கிற எல்லாருக்கும் வாக்கு வேண்டும், அதையும் ஒருவருக்கும் தெரியாமல் பெட்டியில் போட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கதைத்து, அதன் பிறகு காணிக்காரரிலும் பலர் ஒத்துக்கொண்டு, அதன் பிறகு கமநல உத்தியோகத்தரும் ஓம் என்றார். வேலப்போடியார் கூட்டத்தில் சிரித்து, "கம்பஸ்காரன் வந்துதான் எங்களுக்குப் பழக்கோணுமா? சரி, போடுங்க பாப்பம்" என்றார். அவருக்கு எதிராக நாகரெத்தினம் என்ற குத்தகைக்காரர் நின்றார்.

அதன் பிறகு வாக்கெடுப்பு நாளில் வாசிகசாலைக்குள் என் சீலையைக் கட்டி மறைப்புச் செய்தோம். வேலப்போடியார் வாசலில் கதிரை போட்டு இருந்தார். முதலில் போட்டுவிட்டு வெளியே வந்த ஆள் பழைய பழக்கத்தில் போடியாரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவரைக் கண்டு அடுத்தவர்களும் தூக்கினார்கள். மகன் ஓடி வந்து, "ஐயோ மாமா, கையக் கீழ போடுங்க, போட்டது போட்டாச்சி" என்றான். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். என் முறை வந்தபோது நானும் தூக்கினேன்.

அதன் பிறகு எண்ணிப் பார்க்க நாகரெத்தினம் வென்றிருந்தார். வேலப்போடியார் எழும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "எல்லாரும் எனக்குத்தானே கா தூக்கினீங்க?" என்று கேட்டார். சனம் குனிந்து செருப்பைத் தேடியது. மகனிடம், "என்ட சனத்துக்குப் பொய் பழக்கித்தாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையில் துருசடியில் வேலப்போடியார் நாகரெத்தினத்திடம் திறப்பைக் கொடுப்பதாக இருந்தது. மகன் தேத்தண்ணி குடிக்காமல் போனபடியால் நான் போத்தலில் ஊற்றிக்கொண்டு பின்னால் போனேன். வரம்பால் போகும்போது சத்தம் கேட்டது. கிட்டப் போனபோது துருசைச் சுற்றிச் சனம் நின்றது, மகன் வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தான். போடியாரின் மருமகன் யதுர்ஷனின் கையில் மண்வெட்டி இருந்தது. அடித்ததை நான் காணவில்லை. காணாததைக் கண்டேன் என்று சொல்ல மாட்டேன். நாகரெத்தினம் எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். அவரும் நானும் இறங்கித் தூக்கினோம். பின்மண்டை வெடித்திருந்தது. ஒரு செருப்பு காலிலேயே இருந்தது.

மகன் வழுக்கி விழுந்ததாக யதுர்ஷன் சொல்லியிருக்கிறானாம். கண்ட சாட்சி ஒன்றாவது வேண்டும் என்று பொலிஸ் ஐயா சொன்னார். அதன் பிறகு துருசடியில் நின்றவர்களைக் கேட்டேன். ஒருத்தர் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஒருத்தி குடம் கழுவிக்கொண்டு நின்றாளாம். செத்த வீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள், நல்லாக அழுதார்கள். போகும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுதினதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒருவரும் சொல்லித் தந்து சொன்னதில்லை, எல்லாம் உண்மை. கையெழுத்துப் பழக்கமில்லாதபடியால் இடது பெருவிரல் அடையாளம் வைத்தேன். இன்னும் சொல்ல இருக்கிறதா என்று ஐயா கேட்டார். இருக்கிறது, ஆனால் அது மகனுக்கு என்றேன். அதையும் எழுதினார்.

சூட்டி, உன்ட பேச்சைக் கேட்டுப் போட்டவங்கதான் மனே கனபேர். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாமப் போட வெச்சித்தாய். இப்ப சாட்சி கேட்டு நான் எந்த வீட்டுக் கதவத் தட்ட?