வலது காது

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிளம்பிய பேருந்தில் எனக்கு முன்சீட்டில் தொழிற்சாலைச் சட்டையோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இனிமே என்னை ஆகாசத்துக்குப் போவ வுடமாட்டாங்கடா" என்று மூத்தவர் சொன்னதும் நான் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"பிளேன் ஓட்டக் கத்துக்கினு இருந்தியே, இன்னா ஆச்சு டேவிட்ண்ணா?"

"பிளையிங் கிளப்புல மறுபடியும் மெடிக்கல் டெஸ்ட் எடுத்தாங்க. வலது காது சுத்தமா கேக்கலியாம். பிரஸ் ஷாப்புல தகடு அடிக்கிற சத்தத்துல அத்தினி வருஷம் நின்னேன்ல? ரேடியோல பேசறது காதுல வுழாதவன் எப்பிடி ஓட்டுவான்னுட்டாரு டாக்டரு."

"இன்னொரு காது கேக்குதுல்ல?"

"அதான் நானும் கேட்டேன். அதுவும் போயிக்கினு கீதுன்னாரு."

"ஸ்கூட்டரை வித்துட்டுல்ல சேந்தே!"

"அது போவட்டும். போன மாசந்தான் என்னைத் தனியா ஓட்ட வுட்டாங்க. பக்கத்து சீட்டு காலி. கீழ ஏரித் தண்ணி பளபளன்னு கீது. சத்தமா பாடிக்கினே ஒரு சுத்து வந்தேன்டா. இந்த வயசுல நான் வேற எங்க பாடினேன், சொல்லு?"

இளையவர் குரலை உயர்த்திக் கேட்டார்.

"அண்ணி இன்னா சொன்னாங்க?"

"அவளா? நான் பறக்கப் போற ஞாயித்துக்கிழமையெல்லாம் பட்டினி கெடந்து ஜெபம் பண்ணுவா. விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷத்துல அழுதுட்டா. உடனே நெய் ஊத்திக் கேசரி கிண்டினா."

"நீ இன்னாண்ணா பண்ணே?"

"நல்லா கீதுன்னு சொல்லி, இன்னும் கொஞ்சம் வாங்கித் துன்னேன்."