வெறும் வண்டிக்குப் பிடித்த பிரேக்

பெயர் ஆண்டோ. வயது 36. தகப்பனார் பெயர் சவரி. கடத்தூர், சவேரியார் கோயில் தெரு, கதவு எண் 3/114 என்ற முகவரியில் மனைவி ஜெயராணி, மகள் பிளசி ஆகியோருடன் வசிக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன். வாடகைக்கு பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்றும், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் நீதித்துறை நடுவர் அவர்கள் இரண்டு முறை எடுத்துச் சொன்னார்கள். புரிந்தது. யாரும் மிரட்டி நான் வரவில்லை. யாரும் கேட்டும் வரவில்லை.

ஏரியூர் வீரமணி மீது உள்ள விபத்து வழக்கு குறித்து இதைச் சொல்கிறேன்.

2013 முதல் பழைய டீசல் பிக்கப் வண்டிகளை வாங்கி, என் வசதிக்கு மாற்றி ஓட்டி வருகிறேன். முதல் வண்டிக்குப் பக்கப் பலகைகளை ஓர் அடி உயர்த்தினேன். இரண்டாவதற்கு வேறொரு வண்டியின் எஞ்சினை வைத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அழுக்குக் கைலிக்கு மாறி வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். ஜெயராணி சாப்பாட்டுத் தட்டைத் தரையோடு உள்ளே தள்ளிவிடுவாள். "அங்கயே ஒரு பாய் போட்டுத் தரட்டுங்களா?" என்பாள். அதை அப்போது பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வண்டி 2011 மாடல். 2018-ல் வாங்கினேன். முன்கண்ணாடிக்கு மேல் 'பிளசி' என்று எழுதினேன். பின்பக்கம் பாரத்தில் அமுங்காமல் இருக்க, இரண்டு பக்கமும் கூடுதலாக இரண்டிரண்டு ஸ்பிரிங் பட்டைகள் வைத்து வண்டியைத் தூக்கினேன். அதன் பிறகு இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி இறங்காது. சந்தையில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள்.

அந்த வண்டியில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. பாரம் ஏறி வண்டி அமுங்கினால், அச்சிலிருந்து வரும் மெல்லிய ராடு அந்த வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வெறும் வண்டியில் அழுத்தம் குறையும். வண்டியைத் தூக்கியதும் ராடு எட்டவில்லை. கழற்றினேன். அதன் பிறகு வால்வை வெறும் வண்டிக்கான நிலையிலேயே வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டினேன். மழையில் வெறும் வண்டி சறுக்கக் கூடாது என்பது காரணம். பாரம் ஏற்றிய வண்டி எப்படி நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். பிரேக் பாதிதான் பிடிக்கும்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் நானே ஓட்டினேன். இறக்கம் என்றால் இரண்டாம் கியர். முன்னால் போகும் வண்டிக்கு நீண்ட இடைவெளி. வளைவு வருவதற்கு வெகு முன்பே கால் பிரேக்கின் மேல் இருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை, கால் கற்றுக்கொண்டது. தீர்த்தமலைப் பக்கமெல்லாம் பாரத்தோடு போய் வந்திருக்கிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. நாளடைவில் வண்டியின் குறை என் திறமையாகிவிட்டது.

கடந்த செப்டம்பரில் வேறு வண்டி எடுத்ததால் இதை வீரமணிக்குக் கொடுத்தேன். வீரமணி என்னோடு கல்லூரியில் படித்தவன். ஏரியூரில் மரவள்ளி பயிர் செய்கிறான். அன்று காலை அவனும் மனைவி சுகுணாவும் பங்காளிகள் நான்கு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். சுகுணா டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். வீரமணி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "ஏன் மாப்ள, இது வண்டியா, தேரா? பேரை அழிக்க மாட்டேன். பாப்பா பேரே இருக்கட்டும்" என்றான். பங்காளி ஒருவர் குனிந்து பட்டைகளைப் பார்த்து, "இவன் முன்னால இஞ்சினியரு தோத்தாம்பா" என்றார். அதன் பிறகு வீரமணி, "வேற ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டான். கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கும் என்றேன். ஹாரன் சுவிட்சை இடப்பக்கம் மாற்றியிருக்கிறேன் என்றேன். வால்வைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

அதன் பிறகு 11.02.2026 புதன்கிழமை காலை சுமார் ஒன்பது மணிக்கு, வீரமணி மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும்போது, ஏரியூரைத் தாண்டியுள்ள இறக்கத்தில் வண்டி நிற்காமல், கீழே பேருந்துக்காக நின்றிருந்த சென்னம்மாள், வயது 54, என்பவர் மீது மோதி, சாலையோர மணல் குவியலில் ஏறி நின்றது. சென்னம்மாள் அங்கேயே இறந்தார். வீரமணிக்கு விலா எலும்பு இரண்டு முறிந்தது. இவற்றை நான் நேரில் பார்க்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பிளசிதான் முதலில் பார்த்தாள். "அப்பா, என் பேரு" என்றாள்.

அன்றே மருத்துவமனைக்குப் போனேன். வீரமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிதிச்சேன் மாப்ள. நல்லா மிதிச்சேன். அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்றான். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு வண்டியைச் சோதித்ததில் பிரேக் சரியாக இருப்பதாக அறிக்கை வந்ததென்று கேள்விப்பட்டேன். கிழங்கை இறக்கிவிட்டு, சமதரையில், வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். வெறும் வண்டிக்கு அது பிடிக்கும். அதற்காகத்தான் கட்டினேன். ஆகவே ஓட்டியவன் மீதுதான் தவறு என்றாகிவிட்டது. குடித்திருந்தான் என்று ஊரில் பேசினார்கள். வீரமணி குடிப்பவன் அல்ல.

மூன்று வாரம் கழித்து, கடந்த வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சுகுணா டீ கொண்டுவந்து வைத்து, "உங்க வண்டிக்கு என்னங்கண்ணா குறை? ஏழு வருசம் நீங்க ஓட்டலீங்களா? இவருக்குத்தான் நிதானம் பத்தல" என்றார். அவன் காது கேட்கத்தான் சொன்னார். வீரமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். திரும்பாமலே, "ஒருவேளை நான் மிதிக்கவே இல்லியோ என்னமோ மாப்ள" என்றான்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு நான்கு நாட்கள். பிறகு இங்கே வந்தேன்.

சென்னம்மாள் வீட்டுக்கு இதுவரை போகவில்லை.

வண்டியின் பின் அச்சுக்கு மேல், அடிச்சட்டத்தின் உள்பக்கம், அந்தக் கட்டுக்கம்பி இன்னும் இருக்க வேண்டும். மூன்று சுற்று. கை கிழிக்காமலிருக்க, முறுக்கிய முனையை உள்ளே மடக்கியிருப்பேன். அதை அவிழ்க்காமல், பாரம் ஏற்றி மறுபடியும் சோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வீரமணி மிதித்தான்.

இதுவரை எழுதியதை எழுத்தர் உரக்க வாசிக்க, நின்று கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. ஒரு வரி தவிர அனைத்தும் உண்மை. 'சொல்ல மறந்துவிட்டேன்' என்பது நான் சொன்னதுதான், ஆனால் பொய். வீரமணி கேட்டபோது வால்வு எனக்கு நினைவுக்கு வந்தது. எல்லோரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேற ஒண்ணுமில்ல மாப்ள, பூ மாதிரி போவும்" என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். அடித்த இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ச. ஆண்டோ
09.03.2026