சுரங்க வாசலில் பதிமூணு செகண்ட்

— கண்ணைச் சிமிட்டாதீங்க. லைட்டையே பாருங்க. ஏழு… எட்டு… ஒன்பது…

— எரியுதும்மா.

— எரியட்டும். பத்து. பதினொண்ணு. பன்னிரண்டு. ம், போதும். இடது கண்ணை மூடியே வெச்சுக்கோங்க. இப்போ எதிர்ச் சுவர்ல இருக்கிற போர்டைப் பாருங்க. லைட் அடிக்கிறதுக்கு முன்னாடி கடைசி வரிக்கு மேல் வரி வரைக்கும் தடுக்காம படிச்சீங்க. அதையே திரும்பப் படிங்க.

— சுவரே தெரியலம்மா. நடுவுல பச்சையா ஒரு தட்டு மிதக்குது. போர்டு அதுக்குப் பின்னாடி எங்கயோ ஒளிஞ்சிருக்கு.

— அந்தத் தட்டு எல்லாருக்கும் வரும். போகவும் போகும். வாட்ச் ஓடுது. எழுத்து தெரிஞ்சதும் சொல்லுங்க, சரியா?

— முப்பது வருஷமா பஸ் ஓட்டினவன் டாக்டரம்மா நான். கண்ணுக்குச் சான்றிதழ் வாங்க எத்தனை நாற்காலில உட்கார்ந்திருப்பேன். இந்த மாதிரி லைட்டை ஒருத்தரும் அடிச்சதில்ல.

— நான் டாக்டர் இல்ல. கண்ணை அளந்து சொல்றவ, அவ்வளவுதான். இந்தச் சோதனை டிரைவருங்க லிஸ்ட்ல கிடையாது. உங்களுக்காக நானே சேர்த்தது.

— எனக்காக மட்டுமா?

— உங்களுக்காக மட்டும். போன வாரம் உங்க விண்ணப்பம் மேசைக்கு வந்துச்சு. பக்கத்து ரூம்காரர் பார்க்க வேண்டியது. அவர்கிட்டக் கெஞ்சி வாங்கினேன். மூணு வருஷமா இந்தப் பேரு என்னைக்கு வரும், என்னைக்கு வரும்னு உட்கார்ந்திருந்தேன். எழுத்து தெரியுதா?

— இல்ல.

— இருபது செகண்ட் ஆச்சு. நல்ல கண்ணா இருந்தா ஒரு நிமிஷத்துக்கு மேல போகாது. அதுவரைக்கும் பேசிட்டு இருப்போம். சுரங்கப்பாதை வாசல்ல ஒரு தபால்காரி. மஞ்சள் மேல்சட்டை. ஞாபகம் இருக்கா?

— அது மறக்கிற விஷயமாம்மா.

— அவ என் கூடப் பொறந்தவ.

— ம். சொல்லுங்க. கேட்டுக்கிறேன்.

— சொல்லத்தான் போறேன். எனக்கு ஒன்பது வயசுல அவ பொறந்தா. அம்மா சீக்கிரமே போயிட்டாங்க, அதனால அவளுக்குத் தலை பின்னி விட்டது, எண்ணப் பழக்கினது, எல்லாம் நான்தான். ஒரு இடத்துல உட்கார மாட்டா. எங்க வீட்டு வாலு அவ. அதனாலதான் தபால் வேலைக்கே போனா. சம்பளம் குடுத்து ஊர் சுத்தச் சொல்றாங்க அக்கா, இதைவிட என்ன வேணும்னு கேட்பா. அடுத்தவங்க தபால் அட்டையைப் படிச்சுட்டு வந்து ராத்திரி என்கிட்ட ஒப்பிப்பா. தப்புடின்னா, மூடாம அனுப்பினது அவங்க தப்புன்னுவா. விபத்து அன்னைக்குக் காலையில அவ குழந்தையை என்கிட்ட விட்டுட்டுப் போனா. குழந்தைக்கு ஒன்றரை வயசு. இப்போ நாலரை. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடும். சில நாள் வாய் தவறி அம்மான்னு கூப்பிட்டுட்டு, தப்புப் பண்ண மாதிரி என் மூஞ்சியைப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் உங்களைத் தேடினேன். தெரியுதா?

— எதும்மா?

— எழுத்து.

— இன்னும் இல்ல. தட்டு கொஞ்சம் வெளுத்திருக்கு.

— ஒன்றேகால் நிமிஷம். நடிக்காதீங்க.

— நடிச்சு என்னம்மா கிடைக்கப் போகுது எனக்கு?

— மூணு வருஷம் முன்னாடி கிடைச்சுதே. விசாரணைல ஒரே ஒரு வாக்கியம் சொன்னீங்க. 'சுரங்கத்துல இருந்து வெளியே வந்தேன், வெயில் கண்ணை மறைச்சிடுச்சு.' அவ்வளவுதான். சுத்தி இருந்தவங்க தலையாட்டினாங்க. வெயில் யாருக்குத்தான் கண்ணைக் கூசாது, பாவம் டிரைவர்னாங்க. வெயில் மேல கேஸ் போட முடியாதுல்ல. ஆனா நான் கண்ணைப் படிச்சவ. அந்தக் கதையை ஊர்ல யார்கிட்ட வேணாலும் சொல்லலாம், என்கிட்டச் சொல்ல முடியாது.

— ஏன் முடியாது?

— இருட்டுல கண்மணி அகலமா விரிஞ்சு கிடக்கும். வெளிச்சம் பட்ட ஒரு செகண்டுக்குள்ள சுருங்கிடும், கதவை ஒருக்களிச்சுச் சாத்துற மாதிரி. உள்ளே பின்பக்கம், படம் விழற திரை ஒண்ணு இருக்கு. அதுவும் சும்மா இருக்காது. வெளிச்சம் அதிகம்னு தெரிஞ்சதும் தன் கூர்மையைத் தானே குறைச்சுக்கும். இருட்டுல வேலை பார்க்கிற பகுதி ஒதுங்கிக்கும், பகல்ல வேலை பார்க்கிற பகுதி எல்லாத்தையும் எடுத்துக்கும். வெயில்ல இருந்து இருட்டுக்குள்ள போனாத்தான் கண்ணு முழுசாப் பழக அரை மணி ஆகும். இருட்டுல இருந்து வெயிலுக்கு வர்றது சட்டுனு முடியற வேலை. நாலு செகண்ட், அஞ்சு செகண்ட். அதுக்கு மேல நல்ல கண்ணு தடுமாறாது. அதுவும் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம்தான் வெயில்ல மனுஷக் கண்ணுக்கு முதல்ல தெரியும். அதுக்காகத்தான் தபால்காரங்களுக்கே அந்தச் சட்டை குடுத்திருக்காங்க.

— நியாயம்தான்.

— இன்னும் முடிக்கல. நான் அந்த வாசல்ல போய் நின்னேன். அதே மாசம், அதே பதினொண்ணேகால் மணி. சுரங்கத்து வாய்ல இருந்து ரோட்டைக் கடக்கிற வெள்ளைக்கோடு வரைக்கும் நாடா பிடிச்சேன். போற வர்ற வண்டிக்காரங்க என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க. நூத்தி நாப்பத்தஞ்சு மீட்டர். உங்க பஸ் நாப்பது வேகத்துல வந்துச்சுன்னு உங்க கம்பெனியே ஒத்துக்கிட்டது. கணக்குப் போடுங்க. பதிமூணு செகண்ட். அஞ்சு செகண்ட் வெயிலுக்குக் குடுத்தாலும் மிச்சம் எட்டு. எட்டு செகண்ட் நீங்க வேற எதையோ பார்த்துட்டு இருந்திருக்கீங்க. என்னத்தைப் பார்த்தீங்களோ, அது எனக்கு வேண்டாம். அன்னைக்கே உட்கார்ந்து கம்பெனிகளுக்கு லெட்டர் எழுத ஆரம்பிச்சேன். இந்த ஆள் பொய் சொல்லித் தப்பிச்சவன், ஸ்டீயரிங்கைக் குடுக்காதீங்கன்னு.

— பதினோரு கம்பெனி.

— தெரியுமா உங்களுக்கு?

— வேலை கேட்டுப் போன இடத்துல எல்லாம் எடுத்துக் காட்டினாங்க. ஒரு இடத்துல மேனேஜர் நிதானமாப் படிச்சே காட்டினார். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அப்புறம் ஒரு காலைல கதவைத் திறந்தா, கதவு முழுக்கக் கறுப்பு பெயின்ட்ல கொலைகாரன்னு எழுதியிருக்கு.

— கதவுல எழுதினது நான் இல்ல.

— தெரியும்மா. நீங்க எழுதியிருந்தா சரியா இருந்திருக்கும். அதுல கொம்பைக் காணோம். மூணு தடவை பெயின்ட் அடிச்சேன். காய்ஞ்சதும் அடியில இருந்து அந்த எழுத்து மேலே வந்து நிக்கும். பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த அன்னைக்கும் நின்னுச்சு. அவங்க செருப்பைக்கூடக் கழட்டல, திரும்பிப் போயிட்டாங்க. பொண்ணு இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசறதில்ல. ஆங், இப்போ தெரியுதும்மா. ஒண்ணு, அஞ்சு, மூணு, எட்டு.

— ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்.

— அதிகமோ?

— இடது கண்ணைக் காட்டுங்க. வலதை மூடுங்க. பேசாதீங்க. இந்தத் தடவை பத்து செகண்ட்தான், அதுக்கு மேல காட்ட மாட்டேன்… ம். படிங்க. போர்டை மாத்திட்டேன், மனப்பாடமா ஒப்பிக்க முடியாது.

— அவசரப்பட்டா ஆகாதும்மா. அதுவா வரணும்.

— வாட்ச் ஓடுது.

— இப்போ வருது. ஆறு, ரெண்டு, ஒன்பது, நாலு.

— ரெண்டு நிமிஷம் பத்து. மோவாயை இங்க வைங்க. நெத்தியை ஒட்டி வைங்க. உள்ளே பார்க்கணும். என் காதுக்கு நேராப் பாருங்க. அசையாதீங்க.

— என்னம்மா, ஒரே இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கறீங்க.

— கொஞ்சம் மேலே. கீழே. இந்தக் கண்ணு.

— ஏதாவது இருக்கா?

— இருக்கு. திரைக்கு நடுவுல, கூர்மையாப் பார்க்கிற இடத்துல, மஞ்சளாப் படிவு. ரெண்டு கண்ணுலயும். ஓரத்துல நிறம் போன திட்டு. சாதாரண வெளிச்சத்துல இது எதுவும் தெரியாது, போர்டைப் படிச்சுடுவீங்க. பலமான வெளிச்சம் பட்டா அந்த இடம் மறுபடி உசிர் பெற ரொம்ப நேரம் பிடிக்கும். இந்த லைட் அளவுக்கு வெயில் கிடையாது. ஆனா உங்க கண்ணு திரும்பி வர பதிமூணு செகண்ட் பத்தியிருக்காது.

— அப்போ நான் சொன்னது பொய் இல்ல.

— பொய் இல்ல.

— இதைக் கேட்க மூணு வருஷம் ஆச்சு.

— ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. கண்ணு தெரியலன்னா நிறுத்தியிருக்கணும். பிரேக் உங்க கால்ல இருந்துச்சுல்ல? அது கண்ணை மறைக்கலையே?

— நிறுத்தியிருக்கணும். அதை நான் யார் மேலயும் தள்ளல. பின்னாடி ஒரு லாரிக்காரன் ஒட்டிக்கிட்டு வந்தான், உள்ளே முப்பத்தெட்டு பேர், சுரங்கத்து வாய்ல திடீர்னு பிரேக் போட்டா என்ன ஆகும்னு ஒரு பயம். அதைவிட முக்கியம், பழக்கம். தினம் அந்த இடத்துல எனக்கு எல்லாம் வெள்ளையாப் போகும். ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சுட்டு எண்ணிட்டே வருவேன், வெள்ளைக்கோட்டுக்கு முன்னாடி ரோடு திரும்பி வந்துடும். அன்னைக்கு எண்ணிக்கை முடிஞ்சுது, ரோடு வரல. கடைசில வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியேதான். முதல்ல தெரிஞ்சது மஞ்சள். பிரேக்ல ஏறி நின்னேன். அதுக்கு அப்புறம் அந்தச் சத்தம். தெரியாத கண்ணோட ஓட்டினது என் பாவம்தான்.

— பாவம்னு சொன்னா கழுவிடுமா? கேட்டுக்கோங்க. இனி உங்களுக்கு ஸ்டீயரிங் கிடையாது. பஸ் மட்டும் இல்ல, சைக்கிள் கூட. பொய்யன்னு எழுதத்தான் காத்திருந்தேன். கண்ணு போனவன்னு எழுதப் போறேன். பரவாயில்ல, எனக்கு இதுவும் போதும். என் கையாலயே எழுதறேன்.

— எழுதுங்கம்மா. நல்லா அழுத்தி எழுதுங்க. எத்தனை வருஷமா இருக்குன்னும் எழுதுங்க.

— அது எதுக்கு?

— எனக்குத் தெரியணும். ஒரு நாள்ல வந்த நோயா இது?

— ஒரு நாள்ல வராது. இந்த அளவுக்குப் படிய ஆறு வருஷமாவது ஆகும். 'குறைந்தது ஆறு ஆண்டுகளாக.' எழுதிட்டேன். கையெழுத்து, முத்திரை. பிடிங்க. உங்க வேலைக்குக் கொள்ளி வெச்ச பேப்பர், ஃபிரேம் போட்டு மாட்டிக்கோங்க.

— வேலை கேட்டு நான் வரலம்மா. ஸ்டீயரிங்கைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு. விண்ணப்பம் போட்டதே இந்த நாற்காலில உட்காரத்தான். நீங்க என் பேருக்குக் காத்திருந்த மாதிரி, நானும் இந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தேன்.

— புரியல.

— ஆறு வருஷம்னா, விபத்து நடக்கிறப்போவே மூணு வருஷம் ஆகியிருக்கு இல்லையா? விபத்துக்கு எட்டு மாசம் முன்னாடி எங்க டிப்போல கண் பரிசோதனை முகாம் போட்டாங்க. ஒரே நாள்ல தொண்ணூறு டிரைவருங்க. என் முறை வந்தப்போ சாயங்காலம் ஆயிடுச்சு. நான் வாயைத் திறந்து சொன்னேம்மா. வெயிலுக்கு வந்தா கண்ணு திரும்பி வர நேரமாகுது, என்னன்னு பாருங்கன்னு. அந்த அம்மா கண்ணுக்குள்ள பார்க்கவே இல்ல. வயசாகுதுல்ல அண்ணே, தொப்பி போட்டுக்கோங்கன்னு சிரிச்சாங்க. தகுதின்னு முத்திரை குத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. படிச்சவங்க சொல்லிட்டாங்களேன்னு நானும் தொப்பி வாங்கிப் போட்டுக்கிட்டேன்.

— நீங்களே வாய்விட்டுச் சொல்லியுமா?

— சொல்லியும்தான்.

— இந்தப் படிவு அன்னைக்கே இருந்திருக்கும். லென்ஸை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தாப் போதும். ஒரு நிமிஷம். என் தங்கச்சி இன்னைக்கு உசிரோட இருப்பா. உங்க பேப்பர் எல்லாம் சரியா இருக்குன்னு கம்பெனி சொன்னப்போ நானும் அதை நோண்டல. கண்ணு நல்லா இருந்தாத்தானே நீங்க பொய்யர். யார் அது? முகாமுக்கு இந்த ஆஸ்பத்திரில இருந்து நாங்க மாறி மாறிப் போவோம், எங்க ஆள்தான் யாரோ. பேர் சொல்லுங்க. இத்தனை நாள் தப்பான ஆளைத் துரத்திட்டு இருந்திருக்கேன். அவளை நான் விட மாட்டேன். இந்த வேலையில அவ இனி ஒரு கண்ணைத் தொடக்கூடாது. கோர்ட்டுக்கு இழுப்பேன். உங்களுக்குப் பதினோரு லெட்டர்னா அவளுக்கு நூறு எழுதுவேன்.

— நிஜமாவா?

— குழந்தை மேல சத்தியம்.

— பெரிய சத்தியம்மா அது. அவசரப்படாதீங்க.

— பேரைச் சொல்லுங்க.

— பேரு என் வாய்ல வர மாட்டேங்குது. அந்தச் சான்றிதழே என்கிட்ட இருக்கு. விசாரணை அன்னைக்கு வக்கீல் கையில எடுத்தார். நான்தான் பிடுங்கிப் பைல போட்டுக்கிட்டேன்.

— ஏன்? அதைக் குடுத்திருந்தா நீங்க தலை நிமிர்ந்து வெளியே வந்திருக்கலாமே.

— அந்த அம்மா வாசல் பெஞ்சுல உட்கார்ந்து ஒரு குழந்தையைத் தட்டித் தூங்க வெச்சுட்டு இருந்தாங்க. அழுது அழுது முகம் வீங்கியிருந்துச்சு. மனசு வரல. அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியா கதவைச் சாத்தச் சாத்த என் மனசு மாறிடுச்சு.

— எந்த அம்மா? விசாரணைக்கு அவ எதுக்கு வந்தா?

— இந்தாங்க. தேதி இருக்கு, முத்திரை இருக்கு, கீழே பேரும் இருக்கு. நீங்களே பாருங்க.

— முகாம் தேதி. எங்க ஆஸ்பத்திரி முத்திரை.

— படிச்சீங்களாம்மா?

— இது என் கையெழுத்து.