சேர் கேட்ட ஒரே கேள்வி

ஹட்டன் குளிரில் எந்தப் பழைய வண்டியும், ஐயா, உங்கள் பொலிஸ் ஜீப் உட்பட, நல்ல வண்டியாகத்தான் தெரியும். கினிகத்தேனைக்கு இறக்கித் திரும்ப ஏற்றினால்தான் அதன் குணம் வெளியே வரும்.

யேசுரட்ணம் சேரின் காருக்கு என்ன கோளாறு என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. அதன் மோட்டார் செத்துக் கிடந்தது. வேறு மோட்டார் என் கராஜ் தட்டிலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. ரேடியேட்டரைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அவர் முன்னால் எஞ்சினை ஓடவிட்டேன். வெளியே தூறல், நல்ல குளிர். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவேயில்லை.

"அழுக்குதான் சேர், சரியாயிருச்சு" என்றேன்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்தவர். ஒன்பது வருடங்களுக்கு முன் என் மகள் தனுஜாவின் வெள்ளைச் சீருடையில் கிரீஸ் கறை இருந்ததென்று, காலைக் கூட்டத்தில் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். "அப்பனோட கராஜுக்கே போ, அங்க இந்த உடுப்பு போதும்" என்றாராம். பிள்ளைகள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். குற்றம் அவளுடையதல்ல, என் வேலை உடுப்போடு சேர்த்து ஊறப்போட்டது நான். அன்றோடு படிப்பை விட்டாள். இப்போது கொழும்புப் பக்கம் கார்மெண்டில் வேலை. தீபாவளிக்கு மட்டும் வருவாள், என் முகம் பார்த்துப் பேசமாட்டாள்.

அந்த மனிதரை நான் வெறுத்தேன். அதை மறைக்க என்ன இருக்கிறது.

கண்டிக்குப் போய்வர வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டார். "ஏத்தத்துல திரும்பச் சூடானா என்ன செய்றது முத்துலிங்கம்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மற்ற நாளெல்லாம் என் வேலையை எனக்கே சொல்லித்தருவார்.

"ஒடனே நிப்பாட்டி மூடியத் தெறந்து தண்ணி ஊத்துங்க சேர். ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னா எஞ்சின் போயிரும்" என்றேன்.

கொதிக்கிற ரேடியேட்டரைத் திறந்தால் என்ன ஆகும் என்பது கராஜில் கால் வைத்த முதல் வாரத்திலிருந்தே எனக்குத் தெரியும். முழங்கையில் தழும்பு இருக்கிறது, பாருங்கள்.

கண்டியிலிருந்து திரும்பும் வழியில், கினிகத்தேனைக்கு மேலே, ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது கார் கொதித்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் வெந்நீர் முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

மறுவாரம் அவருடைய மனைவி சுகிர்தம் அம்மா கராஜுக்கு வந்தார். என்மேல் கோபமே இல்லை. "ஆறட்டும்னு நான் சொன்னேன் தம்பி. முத்துலிங்கம் சொல்லியிருக்கான், அவனுக்குத் தெரியாததான்னு தெறந்துட்டாரு" என்று அழுதார். அவருக்கு ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மோட்டாரை வேண்டுமென்றே மாற்றவில்லை. திறப்பார் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் மூடியில் கை வைத்தது நானில்லை. நான் சொன்னது ஒரு பதில். அது பிழையென்றால் அவரல்லவா திருத்தியிருக்க வேண்டும்? படித்தவர் அவர்தானே.