மூச்சைக் காத்த மாஸ்க் அக்காவுக்கு

அஞ்சாமையை அணிகலனாகவும் அக்கறையை ஆயுதமாகவும் கொண்ட அம்மையே! சாயமும் அமிலமும் சூழ்ந்த ஆலையில் சாவை வாசலிலேயே மறித்து நின்ற பாதுகாப்பு அலுவலரே! எங்கள் மாஸ்க் அக்காவே! வணக்கம்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக இச்சாய ஆலையில் தங்கள் குரல் ஒலிக்காத கூடமில்லை. தங்கள் கண்ணுக்குத் தப்பிய குப்பியில்லை. குடிநீர் பாட்டிலில் அமிலத்தை ஊற்றி வைத்தவர் மேலாளரே ஆனாலும் தாங்கள் விட்டுவைத்ததில்லை. பாதுகாப்புப் பாடம் சொல்லப் போன பக்கத்துப் பள்ளியின் ஆய்வகத்தில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகளைக் கண்ட அன்று, கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "உள்ள இருக்கிறது என்னன்னு தெரியற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்று தலைமையாசிரியரிடமே சொல்லிவிட்டு வந்தவர் தாங்கள்!

மாதந்தோறும் மணல் மூட்டையைக் காலித் தொட்டிக்குள் இறக்கி, காற்று உருளையை எங்கள் முதுகில் மாட்டி, அந்த மூட்டையை மீட்டுவரச் சொன்னபோது நாங்கள் முணுமுணுத்தோம். "மூட்டையைக் காப்பாத்தத்தான் சம்பளம் குடுக்கறாங்க போல" என்று மேஸ்திரி கிண்டலடித்தார். தாங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தக் காலையும் வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் தவறி விழுந்த ஸ்பேனரை எடுக்க, ஒரு நிமிட வேலைதானே என்று ஃபிட்டர் தம்பி இறங்கினான். அடியில் தேங்கியிருந்த நச்சுவாயு அவனை அங்கேயே சாய்த்தது. அலறல் கேட்டு ஓடிவந்தவர் அவனுடைய சொந்த அண்ணன், கொதிகலன் பகுதிக்காரர். தாங்கள் பழக்கிய மீட்புக் குழுவின் முதல் ஆள். ஆனால் உடன்பிறந்தவன் கிடந்த கிடப்பைப் பார்த்ததும் பழகியதெல்லாம் அவருக்குப் பறந்துபோயிற்று. வெறும் முகத்தோடு குதிக்கப் போனவரைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்தீர்கள்.

"விடுங்கக்கா! தம்பி உள்ள கிடக்கிறான்!"

"தெரியுது. இப்படியே இறங்கினா உங்கம்மாவுக்கு ரெண்டு பிள்ளையும் இல்ல. மாஸ்க்கை மாட்டு!"

அவர் உதறிய உதறலில் தங்கள் மூக்குக்கண்ணாடி தெறித்து உடைந்தது. தங்கள் பிடியோ தளரவில்லை. மங்கிய பார்வையோடு, விரல்களால் தடவித் தடவியே காற்று உருளையை அவர் முதுகில் மாட்டி, முகத்தில் மாஸ்க்கை இறுக்கினீர்கள், காற்றைத் திறந்துவிட்டீர்கள், இடுப்பில் கயிற்றைப் பூட்டி, வார்களை இழுத்துப் பார்த்தீர்கள். உள்ளே ஓர் உயிர் ஊசலாட, வெளியே அதன் உடன்பிறப்பை நிறுத்திவைக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்! பிறகுதான், "இப்ப போ" என்றீர்கள்.

அண்ணன் இறங்கித் தம்பியின் உடலில் கயிறு பூட்டிய மீட்புப் பட்டையை மாட்டினார். மேலே மேஸ்திரி முதல் கணக்கர் வரை அத்தனை பேரும் கயிற்றை இழுத்தோம். இருவரும் வெளியே வந்தார்கள்! நீலம் பாரித்துக் கிடந்தவனின் முகத்தில் பிராணவாயு மாஸ்க்கை வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலைமாட்டை விட்டுத் தாங்கள் அசையவில்லை. மருத்துவமனையில் கண் விழித்தவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா திட்டுவாங்களா?"

"திட்டத்தான் உட்கார்ந்திருக்கேன். சீக்கிரம் எழுந்திரு" என்றீர்கள். இடி போன்ற தங்கள் குரல் உடைந்து நாங்கள் கேட்டது அன்று ஒருநாள்தான்.

வென்றீர்கள், அம்மையே! இன்று அந்தத் தொட்டிக்குப் பூட்டு உண்டு. திறக்குமுன் வாயுவை அளக்கும் கருவி உண்டு. பயிற்சி நாளில் முதல் ஆளாக வந்து நிற்பவர் மேஸ்திரி!

இதோ, தங்கள் பணிநிறைவு விழாவில் அவையோர் முன் இம்மடலை உரக்கப் படித்துக்கொண்டிருப்பவன் அந்தத் தம்பியேதான். வரிக்கு வரி அவன் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் தங்களுக்கு நாங்கள் சூட்டும் வெற்றி மாலை!

நோய் அண்டாத உடலோடும் நகை குன்றாத முகத்தோடும், பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டே நெடுங்காலம் வாழ்க!

என்றென்றும் நன்றியுடன்,
நாள்தோறும் நலமாக வீடு திரும்பும்
ஆலைத் தொழிலாளர்களும் அலுவலர்களும்