இரண்டுக்கு இரண்டு

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். தேவனஹள்ளிப் பக்கம் அந்த ரியாலிட்டி ஷோ வீட்டுக்குள் போன பிறகும் நான் அதை விடவில்லை. என்ன பக்தி என்று ஒன்றிரண்டு பேர் எழுதினார்களாம். மற்றபடி என்னைப் பற்றி யாரும் நல்லதாக எழுதவில்லை.

என்னை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் சாருக்கு முதலில் ஆட்டத்தின் விதி புரிய வேண்டும். கடைசியில் நான்கு பேர் மிஞ்சினோம். நானும் சிந்துவும் ஒரு கட்சி, கேசவும் விவேக் நகர் பிலோமினாவும் இன்னொரு கட்சி. வெள்ளி மாலை நேரலையில் ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவர் வெளியே. நாங்கள் கேசவைச் சொல்வோம், அவர்கள் என்னைச் சொல்வார்கள். இரண்டுக்கு இரண்டு. டை ஆனால் மக்கள் முடிவு. கேசவ் சிரித்தால் ஊரே சிரிக்கும். நான் சிரித்தால் சிந்துவே பயப்படுவாள். டை வந்தால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மருத்துவ அறையில் இருப்பவருக்கு ஓட்டு கிடையாது. இந்த விதியையும் நான் உண்டாக்கவில்லை. கேசவ் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆள். பிலோமினாவுக்கு வீசிங். முந்தின வாரம் சாம்பிராணி போட்டபோது, "ப்ரோ, அந்தப் பொகைய கொஞ்சம் அந்தாண்ட வெச்சுக்கோங்க, மூச்சு அடைக்குது" என்றாள். மரியாதையான பெண். உடனே எடுத்து வைத்தேன். விஷயத்தை மனதிலும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி, கொசு வருகிறது என்று ஜன்னல்களைச் சாத்தினேன். சாம்பிராணியைத் தாராளமாகவே போட்டேன். அவள் ஓட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அறைக்கும் புகை காட்டினேன். மூலை முடுக்கெல்லாம் காட்டுவதுதானே முறை. இரைப்பு வந்து இன்ஹேலரைத் தேடினாள். நானும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன். அது என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுத்தது கேமராவில் பதிவாகியிருக்கிறது, ஆனால் அப்போது எல்லாரும் கேசவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அரை மணி நேரம் மருத்துவ அறையில் படுத்திருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நர்ஸ் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கேசவும் கூடவே ஏறிப் போய்விட்டான். ஓட்டு நேரத்தில் வீட்டை விட்டுப் போகிறவனுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது. நேரலை நிற்கவில்லை. இரண்டுக்குப் பூஜ்யம். நான் இறுதிச் சுற்றுக்குப் போனேன். ஆம்புலன்ஸ் ஹெப்பால் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்டது. பிலோமினா அங்கேயே இறந்துபோனாள். பெங்களூர் டிராஃபிக்கையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

"வீசிங்னு தெரிஞ்சேதானே ரீ செஞ்சீங்க?" என்று மஞ்சுநாத் சார் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்தால் அதற்குப் பெயர் திட்டமா?

இன்று காலை அவள் அம்மா ஸ்டேஷனுக்கு வந்தார். அழவில்லை, திட்டவில்லை. "எம் பொண்ணு ஒனக்கு இன்னாப்பா பண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றுமே பண்ணவில்லை. அதைத்தான் நானும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எனக்கும் அவளுக்கும் ஒரு விரோதமும் கிடையாது. நூறு தடவை கேட்டாலும் இதையே சொல்வேன். எந்த வாரமும் பிலோமினாவின் பெயரை நான் சொன்னதில்லை, அம்மா. என் ஓட்டு கேசவுக்குத்தான்.