ஐந்தருவியில் குளித்த செயின்

என் பெயர் சண்முகசுந்தரி. வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் பால்வண்ணநாதன். தென்காசி தாலுகா மேலகரத்தில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். எங்களுக்கு வயலும் ஒரு தென்னந்தோப்பும் உண்டு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் தேதி பகலில், யாரும் அழைக்காமல் நானாகவே குற்றாலம் காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

இந்த நிலையத்தில் பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருக்கும் கார் மெக்கானிக் மசூதை, எங்கள் வீட்டுக்குக் கார் வந்த வருஷத்திலிருந்து எனக்குத் தெரியும். என் கணவரை அவன் அண்ணாச்சி என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுவான். எங்கள் காரின் டைமிங் செயினை அவன் திருடிவிட்டதாக என் கணவர் இன்று காலை இங்கே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். மசூதும், செயினை எடுத்தது தான்தான் என்று சொன்னதோடு வாயை மூடிக்கொண்டானாம். சாயங்காலம் தென்காசிக் கோர்ட்டில் ஆஜர் செய்து சப்-ஜெயிலுக்கு அனுப்பப் போவதாக அவன் மனைவி ஜாஹிரா பீவி வந்து அழுதபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மசூது திருடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் கார் சீமையில் செய்தது. அதை என் கணவர் வண்டி என்று சொல்லமாட்டார், பிள்ளை என்றுதான் சொல்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதால் நானும் அதில் தலையிடுவதில்லை. போன வருஷம் ஐப்பசியில் என்ஜினுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. மசூது பார்த்துவிட்டு, டைமிங் செயின் தேய்ந்து தொங்குகிறது என்றான். அது என்ஜினுக்குள் இரண்டு பல்சக்கரங்களைச் சேர்த்து ஓட்டுகிற சங்கிலி என்றும், அறுந்தால் என்ஜின் நடுரோட்டில் செத்துப்போகும் என்றும் அவன் விளக்கிச் சொன்னதால் எனக்கும் விளங்கியது. கோயம்புத்தூரில் செய்த செயின் கைக்குக் கிடைக்கிறது, குற்றாலத்து டாக்சிக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டு ஓட்டுகிறார்கள், அதையே மாட்டிவிடலாம் என்றும் சொன்னான்.

என் கணவரோ, யார் தலைகீழாக நின்றாலும் கம்பெனி சாமானைத் தவிர வேறு எதையும் தொடவிடமாட்டேன் என்றார். அதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு தடவை உள்ளூர் ஃபேன் பெல்ட் போட்டு, அது புளியறை ஏற்றத்தில் அறுந்து, நாங்கள் இரண்டு பேரும் லாரியில் தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். அதிலும் அவர் கண்டுபிடித்த காரணம் வேறு. அவர் குடும்பத்தில் எந்தப் பொருளைப் புதிதாக வாங்கினாலும், அது கலப்பையோ குத்துவிளக்கோ, ஐந்தருவித் தண்ணீரில் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் புழங்குவார்கள். காரைக்கூட அங்கே கொண்டுபோய் வாளி வாளியாக ஊற்றிக் குளிப்பாட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த ஃபேன் பெல்ட்டை மட்டும் அருவியில் காட்டாமல் அவசரத்தில் மாட்டியதுதான் தப்பு என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு கம்பெனி செயினுக்கு மதுரைக்கும் மதராசுக்கும் எழுதிப் போட்டும், வெளிநாட்டுச் சாமான் வருவதில்லை என்றே பதில் வந்தது. கடைசியில் கொழும்பில் கடையில் வேலை பார்க்கும் என் தம்பி வல்லிநாயகத்துக்கு எழுதினார். அவன் லீவில் வந்தபோது, இந்த ஆனி மாதம் பிறந்த சமயத்தில், ஒரு செயின் கொண்டுவந்தான். தனுஷ்கோடியில் சுங்கத்தில் காட்டித்தான் கொண்டுவந்தான் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அதுவரை காரை ஷெட்டிலேயே நிறுத்தி, தினமும் காலையில் போய் அதன்மேல் கை வைத்து, வந்துரும், பொறுத்துக்கோ என்று என் கணவர் சொல்லிவிட்டு வருவதை நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அவர் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

செயின் வந்த மறுநாளே அதை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார். நானும் கூடப் போனேன். செயின்மேல் கம்பெனிக்காரன் கெட்டியாக கிரீஸ் தடவி எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தான். அழுக்கோடு அருவியில் காட்டக்கூடாது என்று சொல்லி, சீயக்காய்ப் பொடி போட்டுக் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு கையாலும் தூக்கி அருவியில் பிடித்தார். சாரல் காலம், அருவி கொட்டுகிறது. இரும்புக்கு எதற்குங்க இவ்வளவு குளியல் என்று கேட்டேன். என் வாய் லேசில் அடங்காது, ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அதன் பிறகு விபூதி பூசி, பூ வைத்து, செயினைப் பூஜை அறையில் தட்டில் வைத்து, பட்டுத் துண்டால் மூடினார். ஆடி பிறப்பதற்கு முன் வளர்பிறையில் ஒரு புதன்கிழமையை நாள் பார்த்து, அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார். எங்கள் ஊரில் சாரல் அடித்தால் உப்பு ஜாடிக்குள்ளேயே உப்பு கரைந்துவிடும். இரும்பு என்ன பாடுபடும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. குறித்த நாளில் மசூது வந்தான். என் கணவர் மூடிய பட்டுத் துண்டை விலக்காமலே தட்டோடு செயினை அவன் கையில் கொடுத்துவிட்டு, தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மசூது அடுக்களை வாசலுக்கு வந்து துண்டை விலக்கிக் காட்டினான். செயின் முழுவதும் துரு ஏறி, கண்ணிகள் இறுகிப்போய், மடக்கினால் மடங்காமல் விறைத்துக் கிடந்தது. இரு, அவர் வரட்டும், நல்லா நாலு வார்த்தை கேட்கிறேன் என்றேன். அதற்கு மசூது சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"வேண்டாம் மைனி. அவுஹ பிள்ளைக்குன்னு ஆசை ஆசையாச் செஞ்சது. அவுஹ கையாலயே கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சா மனசு விட்டுப் போயிரும். இப்பம் கோயம்புத்தூர் செயினப் போட்டு வண்டிய ஓட்டிருதேன். இதை மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, கண்ணி மடங்க ஆரம்பிச்சதும் சத்தமில்லாம மாத்திருதேன். நீங்க அண்ணாச்சிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் தன் ஷெட்டுக்குப் போய்க் கோயம்புத்தூர் செயினை எடுத்துவந்து மாட்டினான். அந்தச் செயினுக்கு அவன் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை.

என் கணவர் திரும்பி வந்து காரை ஸ்டார்ட் செய்தார். என்ஜின் பூனைபோல் ஓடியது. அதன் பிறகு அவர் பீத்திக்கொண்டதை எழுதினால் இந்த நிலையத்தில் காகிதம் போதாது. சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து பானட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்கச் சொன்னார். சீமைச் சாமான் சீமைச் சாமான்தான், எங்கே உங்கள் கோயம்புத்தூர் என்று மசூதையே கேட்டார். அவன் ஆமா அண்ணாச்சி, ஆமா அண்ணாச்சி என்று தலையாட்டிக்கொண்டு நின்றான். நான் உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

இன்று காலையில் என் கணவர் ஏதோ ஸ்பேனர் கேட்க மசூதின் ஷெட்டுக்குப் போயிருக்கிறார். அவன் இல்லை. ஒரு டின்னில் மண்ணெண்ணெயில் கிடந்த செயினைப் பார்த்திருக்கிறார். கம்பெனி முத்திரை தெரிந்திருக்கிறது. அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நேரே இங்கே வந்து புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் படுத்துக்கொண்டார். காப்பி குடிக்கவில்லை. ஜாஹிரா பீவி வந்துபோன பிறகு, நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி, "அவன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டான். சொதி வச்சிருக்கேல்லா, அதையும் கொண்டு போ" என்றார். திருடனுக்குத் தேங்காய்ப்பால் சொதி கொடுத்தனுப்புகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அந்தத் தூக்குச்சட்டியை ஏட்டய்யாவிடம் கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் வீட்டிலேயே கணவரிடம் சொல்லியிருக்கலாமே என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். அண்ணாச்சியிடம் சொல்லமாட்டேன் என்றுதான் நான் வாக்குக் கொடுத்தேன், சர்க்காரிடம் சொல்லமாட்டேன் என்று கொடுக்கவில்லை. மசூதை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றும், துரு விஷயம் என் கணவர் காதுக்குப் போகக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன்.

இந்த இடம்வரை எழுதியபோது என் கணவர் நிலையத்துக்குள் வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் என்னைக் கூட்டிப்போகக் கார் கொண்டுவந்து, வாசல் வராந்தாவில் நின்றிருக்கிறார். எனக்கு மெல்லப் பேச வராது. சீயக்காய்ப் பொடியிலிருந்து அவர் கேட்டுவிட்டார். அவர் கேட்டதற்கு நான் பொறுப்பில்லை.

அவர் சப்-இன்ஸ்பெக்டர் ஐயாவிடம், செயினைக் கெடுத்தது நான், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஐயாவும், சரி, மசூதைக் கூட்டிப்போங்கள் என்றார். அதன் பிறகு பெஞ்சுக்குப் போய் மசூதின் முன்னால் நின்றார். மசூது எழுந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏலே, என் மொகம் வாடிரும்னு நீ ஜெயிலுக்குப் போவியாலே?"

இப்போது வண்டிக்குள் கிடப்பது எது என்று என் கணவர் கேட்டார். கோயம்புத்தூர் செயின்தான் அண்ணாச்சி, கொழும்புச் செயின் கண்ணி மடங்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் பத்து நாளில் மாற்றிவிடுகிறேன் என்றான் மசூது. என் கணவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவன் கையில் வைத்து, "மாத்த வேண்டாம். அதே கெடக்கட்டும். வண்டிய நீ எடு, எனக்குக் கண்ண மறைக்குது" என்றார்.

மேலே கண்டபடி நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எல்லாம் நடந்தது நடந்தபடியே. படித்துக் காட்டக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு, வெளியே அவர்கள் இருவரும் காரில் ஏறி எனக்காகக் காத்திருப்பதால் இத்துடன் முடித்துக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பா. சண்முகசுந்தரி